விளங்குகிறது, எழுத வருகிறதில்லை: வன்னியில் ஒரு கணிதப் பிரிவு மாணவியின் இரண்டாம் தடவை

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் வரும் கிராமங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் இந்த மாணவி. பெயர், ஊர், பாடசாலை எதையும் எழுதப்போவதில்லை. பௌதிகவியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் அவருடைய இரண்டாம் தடவைப் படிப்பைக் கிட்ட இருந்து பார்த்தேன். இதே நிலையில் வன்னியில் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

2023 ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடந்தது. மே 31 இல் பெறுபேறு வந்தது. இணைந்த கணிதம் எஸ் (சாதாரண சித்தி), இரசாயனவியல் எஸ், பௌதிகவியல் எஃப் (சித்தியில்லை). பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் வேண்டும், ஆகவே விண்ணப்பிக்கவே முடியாது. அடுத்த பரீட்சை நவம்பர் 25 இல் தொடங்கவிருந்தது. கையில் ஆறு மாதம் கூட இல்லை.

வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் எல்லோரும் ஒரே புத்திதான் சொன்னார்கள்: கணிதத்தை விட்டிட்டுக் கலைப்பிரிவுக்கு மாறட்டும். வன்னிப் பிள்ளைக்குக் கணிதம் சரிவராது என்று கூச்சமில்லாமல் சொல்கிறவர்களை நான் ஆசிரியர் ஓய்வறைகளிலேயே கேட்டிருக்கிறேன். இது பொய். பிள்ளைகளைப் பதினேழு வயதிலேயே முடக்கிப் போடுகிற பொய். தாயார் மட்டும் மறுத்தார். இடப்பெயர்வில் தன் உயர்தரத்தை நடுவில் விட்டவர் அவர். "மூன்று தடவை எழுதலாம்தானே சேர், இன்னொருக்கா எழுதட்டும்" என்றார்.

என்ன கஷ்டம் என்று மாணவியிடம் கேட்டபோது வந்த பதில்: "வகுப்பில விளங்குது சேர். பேப்பரில எழுத வருகுதில்லை."

பிரச்சினை முழுவதும் அந்த இரண்டு வசனத்துக்குள் இருந்தது.

கொப்பிகள் சொன்னது

அவருடைய கொப்பிகளைப் பார்த்தேன். நேர்த்தியான எழுத்து, சிவப்புப் பேனையால் அடிக்கோடு, வரிப்படங்கள் அளவுகோல் வைத்துக் கீறியவை. கிழமையில் மூன்று நாள் கிளிநொச்சிக்கு பஸ் எடுத்து ரியூசனுக்குப் போயிருக்கிறார். பொழுதுபடுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும், உள் வீதியில் யானை வரும். ஆகவே பின்னேர வகுப்புகளைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவார். மிச்சத்தைத் தோழியின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொள்வார். இரவில் போனில் பதிவு செய்த வகுப்பு. உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அதே கொப்பியில் ஆசிரியர் செய்து காட்டிய ஒரு கணக்கை வெற்றுத்தாளில் எழுதிக் கொடுத்து, கொப்பியை மூடிவைத்துச் செய்யச் சொன்னேன். இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. விடையைக் காட்டியதும் "ஓம் சேர், தெரியும்" என்றார். இன்னொன்று கொடுத்தேன், அதுவும் அப்படியே. இரண்டு வருடமாக அவர் மற்றவர் செய்த கணக்குகளைப் பார்த்திருக்கிறார், எழுதியிருக்கிறார், விளங்கியும் இருக்கிறார். தானாகத் தொடங்கி முடித்த கணக்குகள் மிகச் சில.

மனித நினைவைப் பற்றி இதில் ஒரு பழக்கமான ஏமாற்று இருக்கிறது. 2006 இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதைத் திரும்ப வாசித்தார்கள், மற்றவர்கள் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 42 வீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம். வாசித்த உடனே எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், பரீட்சை மண்டபத்தில் இராது. எங்கள் பிள்ளைகளின் ரியூசன் வாழ்க்கை அந்த ஐந்து நிமிடத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் குறைத்தது

புதிதாக ஒன்றைச் சேர்க்க முதல், இருந்ததில் வெட்டினோம். மூன்று நாள் ரியூசன் ஒரு நாளாகியது. இரசாயனவியலுக்கு மட்டும் போனார். பஸ்ஸிலும் பஸ் நிற்குமிடத்திலும் போன நேரம் முழுவதும் எழுதுவதற்குத் திரும்பி வந்தது. இதற்குத் தாயாரை இணங்கச் செய்வதுதான் கடினமாக இருந்தது. வகுப்பை நிறுத்தினால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயம் நியாயமானது. "அம்மா, கேட்டது போதும், இனி எழுதட்டும், ஒரு மாதம் பார்ப்போம்" என்று சொல்லித்தான் தொடங்கினோம்.

காலையில் மூன்று மணித்தியாலம் ஒரு வினாத்தாள், பரீட்சை போலவே. பின்னேரம் திருத்தம். இரவில் திருத்தத்தில் தெரிந்த ஓட்டைக்குரிய கோட்பாடு மட்டும். கோட்பாட்டை முடித்துவிட்டுத்தான் பேப்பர் என்று காத்திருக்கிற வழமையை இது தலைகீழாக்கியது. கோட்பாடு ஒருநாளும் முடியாது. இவருடைய பாடசாலையில், இணைந்த கணிதத்தின் ஒரு பாதியான பிரயோக கணிதத்தைப் படிப்பித்த ஆசிரியர் நடுவில் இடமாற்றம் பெற்றுப் போனதால் அது உண்மையாகவே முடிந்திருக்கவில்லை. ஆனாலும் தெரிந்ததை வைத்து எழுதத் தொடங்கியபோதுதான், தெரியாதது இவ்வளவுதான் என்று அளவு பிடிபட்டது.

2019 இலிருந்துதான் இப்போதைய பாடத்திட்டத்தில் வினாத்தாள்கள் வந்தன. 2019 முதல் 2023 வரையானவற்றை முழுமையாக எழுதுவதற்கு ஒதுக்கி வைத்தோம். அதற்கு முந்தியவற்றைத் தலைப்பு வாரியாகப் பிரித்துப் பயிற்சிக்கு எடுத்தோம். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணை வினாத்தாள்களும், மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சையின் வினாத்தாள்களும் தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய கொடை. அவற்றையும் சேர்த்தால் வினாத்தாளுக்குப் பஞ்சமில்லை.

ஐந்து ஐந்தாகப் போடப்படும் புள்ளி

இந்த முயற்சியில் எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தந்தது புள்ளித்திட்டம். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் அந்தத் தாள்களைப் பல பிள்ளைகள் விடை சரியா என்று பார்க்க மட்டும் திறக்கிறார்கள். விடையைவிட, புள்ளி எந்த வரியில் விழுகிறது என்பதே அதில் பார்க்க வேண்டியது.

இணைந்த கணிதத்தில் இரண்டு வினாத்தாள்கள், தூய கணிதத்துக்கு ஒன்று, பிரயோக கணிதத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 1000 புள்ளி. பகுதி ஏ இல் பத்து வினா, ஒவ்வொன்றுக்கும் 25. பகுதி பி இல் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 150. புள்ளிகள் ஐந்து ஐந்தாகவே வழங்கப்படுகின்றன. அதாவது 25 புள்ளி வினா ஒன்றில் ஐந்து இடங்கள் இருக்கின்றன. கடைசி விடை பிழைத்தால் போவது பெரும்பாலும் அந்த ஐந்தில் ஒன்றுதான்.

தூய கணிதத்தில் வழக்கமாக முதல் வினாவாக வரும் கணிதத் தொகுத்தறிவை எடுங்கள். ஒன்றுக்கு உண்மை எனக் காட்டுதல், ஏதோ ஒரு நேர் முழுவெண்ணுக்கு உண்மை என எடுத்துக்கொள்ளுதல், அடுத்த எண்ணுக்குச் செய்தல், அதைச் சுருக்கி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவருதல், இறுதியில் கணிதத் தொகுத்தறிவுக் கோட்பாட்டின்படி எல்லா நேர் முழுவெண்களுக்கும் உண்மை என்ற முடிவுக் கூற்று. மாணவி நடுவிலுள்ள அட்சரகணிதத்தைப் பிழையில்லாமல் செய்வார். எடுகோளை மனதில் வைத்துக்கொள்வார், முடிவுக் கூற்றை எழுதமாட்டார். "அது தெரிஞ்ச விசயம்தானே சேர்" என்பார். திருத்துகிறவருக்கு அவருடைய மனம் தெரியாது, தாளில் உள்ளதற்குத்தான் புள்ளி.

எல்லைக் கணக்கிலும் அப்படித்தான். சைனை அதன் கோணத்தால் வகுத்தால் கோணம் பூச்சியத்தை அணுகும்போது ஒன்று என்ற முடிவை எந்த வரியில் பயன்படுத்தினோம் என்று தெரியும்படி பிரித்து எழுத வேண்டும். இவர் இரண்டு வரியைத் தாவி விடைக்குப் போய்விடுவார். சரியான விடை, குறைந்த புள்ளி.

திருத்தத்தை அவரே செய்தார், பச்சைப் பேனையால், புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தனக்குத் தானே இரக்கம் காட்டக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஒரு மாதத்தில் அவருடைய விடைத்தாளின் தோற்றமே மாறியது. வரிகள் கூடின, தாவல் நின்றது. புதிதாக ஒரு பாடமும் படிக்காமல் கிடைத்த முன்னேற்றம் இது. மூன்று பாடங்களின் புள்ளித்திட்டங்களையும், பிள்ளைகள் எங்கே பிழை விடுகிறார்கள் என்று எழுதப்பட்ட மதிப்பீட்டு அறிக்கைகளையும் ஒவ்வொரு உயர்தர வகுப்பறையிலும் தொங்கவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பிழைக் கொப்பி

திருத்தியதும் ஒவ்வொரு பிழையையும் ஒரு தனிக் கொப்பியில், ஏன் பிழைத்தது என்ற ஒரு வரியோடு எழுதினார். தெரியாமல் பிழைத்ததா, வினாவைச் சரியாக வாசிக்காமலா, கணிப்பிலா, படியை விட்டதாலா, நேரம் போதாமலா? சில கிழமைகளில் ஒன்று தெளிவாகியது. பெரும்பகுதி தெரியாமையால் வந்ததல்ல. அதைப் பார்த்த அன்று அவர் முகத்தில் வந்த தெம்பு எனக்கு மறக்காது. எஃப் எடுத்த பிள்ளை தன்னை மடையர் என்று நம்பியிருந்தார், கொப்பி இல்லை என்றது.

உண்மையான விளக்கக் குறைவும் சில இடங்களில் இருந்தது. அதில் ஒன்று, பிரயோக கணிதத்தில் அசையும் ஆப்பு. ஒப்பமான மேசையில் ஆப்பு, அதன் சாய்முகத்தில் ஒரு துணிக்கை. துணிக்கை கீழே வழுக்க ஆப்பு எதிர்ப்பக்கம் நகரும். மாணவி துணிக்கைக்கு இயக்கச் சமன்பாடு எழுதும்போது, ஆப்பு தொடர்பான ஆர்முடுகலை மட்டும் வைத்து எழுதுவார். நியூற்றனின் விதிக்கு வேண்டியது புவி தொடர்பான ஆர்முடுகல், அதாவது துணிக்கைக்கு ஆப்பு தொடர்பான ஆர்முடுகலும் ஆப்பின் ஆர்முடுகலும் சேர்ந்த காவிக்கூட்டு. ஆகவே துணிக்கையின் கிடை ஆர்முடுகல், அதன் சார்பு ஆர்முடுகலின் கிடைக்கூறிலிருந்து ஆப்பின் ஆர்முடுகலைக் கழித்து வருவது. அந்தக் கழித்தலை விட்டால் அதற்குப் பிறகு எழுதும் ஒவ்வொரு சமன்பாடும் பிழை. இதே பிழை பிழைக் கொப்பியில் திரும்பத் திரும்ப வந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. பிறகு ஒரு பழக்கம் வைத்தோம்: சமன்பாடு எழுத முதல், ஒவ்வொரு பொருளுக்கும் விசைகளுக்கு ஒரு வரிப்படம், புவி தொடர்பான ஆர்முடுகலுக்கு வேறொரு வரிப்படம். இரண்டும் கீறாமல் பேனை அடுத்த வரிக்குப் போகக்கூடாது.

பிழைக் கொப்பியிலிருந்த கணக்குகளை மூன்றாம் நாளும், அடுத்த கிழமையும், அடுத்த மாதமும் திரும்பச் செய்தார். திரும்பச் செய்யாத பிழைக் கொப்பி வெறும் கொப்பிதான்.

கணிப்பான் இல்லாத மண்டபம்

பௌதிகவியல் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். கணிப்பானுக்கு அனுமதி இல்லை. இவர் வீட்டில் போனிலுள்ள கணிப்பானை வைத்தே பயிற்சி செய்திருந்தார். பௌதிகத்தில் எஃப் வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் முடிவு.

போனை வேறு அறையில் வைத்துவிட்டு, முதலில் அண்ணளவாக்கம் பழகினோம். உதாரணமாக, ஒளியணு ஒன்றின் சக்தி 3.2×10⁻¹⁹ யூல், பிளாங்கின் மாறிலி 6.6×10⁻³⁴, மீடிறன் என்ன? 3.2 ஐ 6.6 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அரை. அடுக்குகளைக் கழித்தால் 15. ஆக 5×10¹⁴ ஹேர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. தரப்பட்ட ஐந்து விடைகளில் அந்த அளவில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். குறியீட்டு விடைகள் என்றால் பரிமாணம் பார்த்தே இரண்டு மூன்றை வெட்டிவிடலாம். பிழையான தெரிவுக்குப் புள்ளி கழிப்பதில்லை என்பதால் ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது. முதல் சுற்றில் உடனே வருபவை, இரண்டாம் சுற்றில் கணிப்பு வேண்டியவை, கடைசியில் மிச்சம்.

கலந்து செய்தல்

ஒரே தலைப்பில் இருபது கணக்கு செய்வது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஐந்தாவதிலிருந்து எல்லாம் இலகுவாக வரும். பரீட்சையில் இது எந்தத் தலைப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2007 இல் ரோரர், ரெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் நான்கு வகைத் திண்மங்களின் கனவளவு காணும் கணக்குகளை ஒரு சாராருக்கு வகை வகையாகவும் மற்றவர்களுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகை வகையாகச் செய்தவர்களுக்கு 89 வீதம் சரி, கலந்து செய்தவர்களுக்கு 60. ஒரு கிழமை கழித்து நடந்த பரீட்சையில் நிலைமை மாறி 20 இற்கு 63 ஆகியது. ஆகவே ஆகஸ்ட் தொடக்கம் அவருடைய பயிற்சிக் கணக்குகளைக் கலந்தே கொடுத்தேன். முதல் இரு கிழமையும் புள்ளி இறங்கியது. அழுதார். அந்த இறக்கம் வரும் என்று தாயாருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று.

எந்த ஐந்து

180 நிமிடத்தில் 1000 புள்ளி என்றால், 25 புள்ளி வினாவுக்கு நாலரை நிமிடம், 150 புள்ளி வினாவுக்கு 27 நிமிடம். திரும்பிப் பார்க்க நேரமே இல்லாத கணக்கு இது. நாங்கள் பகுதி ஏ இற்கு 40, பகுதி பி இல் ஒவ்வொன்றுக்கும் 25 என்று வைத்தோம், 15 நிமிடம் மிஞ்சியது. ஒரு வினாவின் நேரம் முடிந்தால் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இதைப் பழகவே பல வினாத்தாள்கள் எடுத்தன.

பகுதி பி யின் அமைப்பு வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவதில்லை. பிரயோக கணிதத்தில் 15 ஆம் வினாவில் மூட்டிய கோல்களும் சட்டப்படலும், 16 இல் திணிவு மையம், 17 இல் நிகழ்தகவும் புள்ளிவிபரமும். இவை படிமுறை தெரிந்தால் நம்பி எழுதக்கூடியவை. ஆசிரியர் இல்லாமல் அரைகுறையாகப் படித்த ஒரு பிள்ளைக்கு இந்த மூன்றையும் முதலில் உறுதியாக்குவதுதான் வழி. சட்டப்படலின் கோல்களிலுள்ள விசைகளைக் காண, போவின் குறியீடு என்ற முறையில் தகைப்பு வரிப்படம் கீறுவதை அவர் ஒரு கிழமையில் பிடித்துவிட்டார். மேலதிக வாசிப்பு நேரமான 10 நிமிடத்தை, எந்த ஐந்து, எந்த ஒழுங்கில் என்று முடிவெடுக்க மட்டும் பயன்படுத்தினார்.

செயல்முறை, இரசாயனம்

பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைக்கு ஆய்வுகூடம் இல்லை. பௌதிகவியல் அமைப்புக் கட்டுரை வினாக்களோ பெரும்பாலும் செயல்முறையை வைத்தே வருகின்றன. பரிவுக் குழாய்ப் பரிசோதனையை வீட்டுக் கிணற்றடியிலேயே செய்தோம். ஒரு பிளாஸ்ரிக் தண்ணீர்க் குழாய்த் துண்டு, ஒரு வாளி தண்ணீர், இசைக்கவைக்குப் பதிலாகப் போனில் ஒரு தொனி. 512 ஹேர்ட்ஸுக்குக் குழாயை உயர்த்திக்கொண்டு வர, ஏறக்குறைய 16 சென்ரிமீற்றரில் ஒலி உரத்துக் கேட்டது. வேறு வேறு மீடிறன்களுக்கு எடுத்து, நீளத்தை மீடிறனின் நிகர்மாற்றுக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும். படித்திறன் ஒலியின் கதியின் காற்பங்கு, மறை வெட்டுத்துண்டு முனைத் திருத்தம். முனைத் திருத்தம், அதாவது அதிரும் காற்று குழாயின் வாயைத் தாண்டி நீளும் சிறு தூரம், அதுவரை அவருக்குப் பாடமாக்கிய ஒரு சொல். அன்று அளந்த ஒரு நீளமாகியது.

இரசாயனவியலில் மாற்றம் குறைவு. பௌதிக நிலைகளையும் அலகுகளையும் எழுதாமல் இழந்த புள்ளிகள் மீண்டன. சேதன இரசாயனத்தில் தாக்கங்களை ஒரு பெரிய தாளில் வலையாக வரைந்து, நாளுக்கொரு தடவை பாராமல் திரும்ப வரைந்தார். அது அக்டோபரில்தான் தொடங்கியது, முழுப் பலன் வர நேரம் போதவில்லை.

மழை

2024 இல் பரீட்சை நவம்பருக்கு வந்ததால் வன்னியில் அது வடகீழ்ப் பருவமழைக்குள் விழுந்தது. காலபோக விதைப்பு முடிந்து வயலில் வேலை இருக்கிற காலமும் அதுதான். பரீட்சை தொடங்கிய மூன்றாம் நாள், நவம்பர் 27 இல், பெங்கல் புயல் மழையால் நிறுத்தப்பட்டு டிசம்பர் 4 இல்தான் மீண்டும் தொடங்கியது. மின்சாரம் இல்லை, வீதிகளில் வெள்ளம். மாணவி முதல் நாளே மண்டபத்துக்குக் கிட்டவுள்ள சித்தி வீட்டுக்குப் போய்விட்டிருந்தார், அது ஒக்டோபரிலேயே எடுத்த முடிவு. இடைவெளியில் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டாம், பிழைக் கொப்பியை மட்டும் பார் பிள்ளை என்று சொல்லியிருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் அதைத்தான் செய்திருக்கிறார்.

பெறுபேறும் அதன் பொருளும்

2025 ஏப்ரலில் பெறுபேறு வந்தது. இணைந்த கணிதம் பி, பௌதிகவியல் சி, இரசாயனவியல் சி. பல்கலைக்கழக விஞ்ஞானக் கற்கைக்கு இடம் கிடைத்தது. பொறியியலுக்குப் போதவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம்தான் அவருடைய ஆசை. அந்த ஏமாற்றத்தை மறைக்க விரும்பவில்லை.

பல்கலைக்கழக இடங்களைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் இந்த மாற்றத்தின் பெறுமதி விளங்கும். ஒவ்வொரு பாடத்திலும் உங்கள் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்தினதும் சராசரியை எடுக்கிறார்கள். ஆகவே எந்தப் பாடத்தின் இசட் புள்ளி உயர்ந்தாலும் பலன் ஒன்றுதான், இலகுவாக உயரக்கூடிய பாடத்துக்கு நேரத்தைக் கொடுப்பதே கெட்டித்தனம். இவருக்கு அது பௌதிகம். விஞ்ஞான, கணிதத் துறை இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. முல்லைத்தீவுப் பிள்ளை கொழும்புப் பிள்ளையோடு மட்டும் போட்டியிடுகிறார் என்ற நினைப்பு சரியல்ல.

இரண்டாம் தடவை எழுதுகிறவர்களுக்கு ஏதாவது செய்ய விரும்பும் பாடசாலைகளிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் நான் கேட்பது பெரிய செலவில்லாத ஒன்று. சனிக்கிழமை காலையில் ஒரு மண்டபத்தைத் திறந்து விடுங்கள். மூன்று மணித்தியாலம் நேரம் பார்க்க ஒருவர், அச்சிட்ட வினாத்தாள், பின்னேரம் புள்ளித்திட்டத்தின் பிரதி. பிள்ளைகள் ஒருவர் தாளை மற்றவர் திருத்தட்டும். மாதத்தில் ஒரு நாள் ஆய்வுகூடத்தின் திறப்பையும் கொடுங்கள். பஸ் ஓடும் நேரத்தைப் பார்த்து எட்டரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடித்தால், உள் கிராமத்துப் பிள்ளைகளும் வந்து பொழுதுபட முதல் வீடு போய்ச் சேரலாம்.